மார்கழிக் காலையில் ஆளுயரக் குமிழி

நெல்லைப் பக்கம் பெரிய சோப்புக் குமிழி விட வேண்டுமென்றால் சோப்பைவிட மாதம் முக்கியம். யூடியூபில் நான் பார்த்த செய்முறைகள் இதைச் சொல்வதில்லை. ஒரு கப் சோப்பு, ஆறு கப் தண்ணீர், கொஞ்சம் கிளிசரின் என்று தொடங்கி, பச்சைப் புல்வெளியில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஓடுகிற இடத்தில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் புல்வெளியின் ஈரக்காற்றுக்கு நாம் எங்கே போவது?

நம் ஊரில் இதையெல்லாம் செய்து பார்க்கக் கை துறுதுறுவென்று இருப்பது ஏப்ரல், மே மாதங்களில்தான். பள்ளிக்கூடம் லீவு, பிள்ளைகள் வீட்டில், போனில் வீடியோ. ஆனால் சேரன்மகாதேவி வட்டாரத்துச் சித்திரை வெயிலில் காற்று காய்ந்து கிடக்கும். குமிழியின் தோல் பெரும்பாலும் தண்ணீர்தான். சோப்பு அதற்குத் துணைக்கு நிற்கிறது, அவ்வளவே. சுற்றியுள்ள காற்று வறண்டிருந்தால் அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், தோல் மெலியும், பட்டென்று போகும். சோப்பைக் கூட்டினாலும் கிளிசரினைக் கூட்டினாலும் மதியம் பன்னிரண்டு மணி வெயிலை ஜெயிக்க முடியாது.

சரி, ஆனி, ஆடியில்? குற்றாலத்தில் சாரல் விழுகிற காலம், இங்கே வானமும் மூடாக்காக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் மேல்காற்று விடாது. மலை இடுக்குகள் வழியாக அது இறங்குகிற வேகத்துக்குத்தானே ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் அத்தனை காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள்! காற்றாடி விடுகிற பையன்களுக்கு அது கொண்டாட்டம். குமிழிக்கு ஆகாது. பெரிய குமிழியை நனைத்த நூலில்தான் இழுத்து விடுவது, அந்த நூலைவிட்டுப் பிரிவதற்கு முன்பே காற்று கிழித்துவிடும்.

எனக்குத் தெரிந்து நல்ல காலம் ஐப்பசி பிறந்து தை பிறக்கும் வரை. வடகிழக்குப் பருவமழை பெய்து மண்ணெல்லாம் ஊறியிருக்கும். பிசான நெல் நட்டு வயல் பூராவும் தண்ணீர் கட்டி நிற்கும். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடும். அதிலும் அரையாண்டுப் பரீட்சை லீவு விழுகிற மார்கழிக் காலை இருக்கிறதே, கோயில் ஸ்பீக்கர் திருப்பாவையை முடித்து ஓய்ந்திருக்கும், வாசல் கோலத்தில் வைத்த பூசணிப்பூ இன்னும் வாடியிருக்காது, வெயில் பனைமர உச்சியில்தான் விழுந்திருக்கும். ஏழு மணியிலிருந்து எட்டரை வரைக்கும் காற்று ஈரமாக, பெரிதாக அசையாமல் இருக்கும். அதுதான் நேரம். மழை விட்ட சாயங்காலமும் நன்றாக வரும், ஆனால் அதற்கு மழை நம் சொல் கேட்க வேண்டும்.

என் கொழுந்தன் குடும்பத்தோடு பெங்களூரில் இருக்கிறார். டிசம்பர் கடைசியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவார். என் இரண்டு, அவருடைய இரண்டு, பக்கத்து வீட்டு உருப்படிகள் எல்லாம் சேர்ந்தால் வீட்டுக்குள் மெஷினை மிதிக்க முடியாது. நான் ஜாக்கெட் தைக்கிறவள். பொங்கல் துணி வந்து குவிகிற நேரம் அது. காலையில் ஒன்றரை மணி நேரம் இந்தக் கூட்டத்தைக் களத்துக்கு ஓட்டிப்போய் ஓடவிட்டுக் கொண்டுவந்தால், இட்லியைத் தின்றுவிட்டுச் சுருண்டுவிடும். அப்புறம் என் வேலை நடக்கும். நான் இதில் இறங்கிய காரணம் இதுதான், பெரிய விஞ்ஞான ஆசையெல்லாம் கிடையாது.

குமிழி விடுவது எங்களுக்கும் புதிதில்லை. நாங்கள் சிறுபிள்ளையாக இருந்தபோது பப்பாளி இலைக் காம்பை வெட்டி, துணி சோப்பைக் கரைத்து, கொட்டாங்கச்சியில் வைத்துக்கொண்டு ஊதுவோம். அதுகூடக் கிடைக்காதபோது காட்டாமணக்கு இலையைக் கிள்ளினால் வடிகிற பாலே போதும். ஈர்க்கை வளைத்து ஒரு கண்ணி போட்டு, அந்தப் பாலைத் தொட்டு ஊதினால் கோலிக்குண்டு அளவில் வரிசையாக முட்டை கிளம்பும். இதை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் காட்டினேன், ஆனால் பக்கத்திலேயே நின்றுகொண்டு. காட்டாமணக்குக் கொட்டை விஷம், பாலும் வாய்க்குள்ளோ கண்ணிலோ படக்கூடாது. கோயில் கொடைக்கு வருகிற கடைகளில் தொங்குகிற குட்டி பிளாஸ்டிக் பாட்டில் பபுள்ஸும் உண்டு. வாங்கிக் கொடுத்து வீடு வந்து சேர்வதற்குள் பாதி சட்டையில் கொட்டியிருக்கும்.

இவை எல்லாமே சின்னக் குமிழிகள். ஆள் உயரத்துக்கு வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர் மட்டும் போதாது. வெறும் தண்ணீரை மெல்லிய தோலாக இழுத்து நிறுத்த முடியாது, அதன் பரப்பு இழுவிசை அவ்வளவு அதிகம். சோப்பு கலந்ததும் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது, தோல் நிற்கிறது. ஆனால் அதை நாலடி, ஐந்தடிக்கு இழுக்கும்போது எங்காவது ஓரிடத்தில் மெலிந்து பிய்த்துக்கொள்ளும். அப்படிப் பிய்யாமல் பிடித்து வைக்க நீளமான மூலக்கூறு உள்ள ஏதாவது ஒன்று வேண்டும். சிக்கு விழுந்த தலைமுடியைப் பிடித்து இழுத்தால் எப்படி ஒன்றையொன்று விடாதோ, அந்த வேலையை அது தோலுக்குள் செய்கிறது.

அப்படி ஒன்றுதான் குவார் கம். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கிற மாவு. ஐஸ்கிரீம் கெட்டியாக இருக்கச் சேர்ப்பார்கள். அமெரிக்காவில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குக்கூட டன் கணக்கில் போகிறது, அதில் பெரும்பகுதி நம் ராஜஸ்தான் பக்கத்துக் கொத்தவரைதான். கேக் செய்கிற சாமான் விற்கும் கடைகளில் சின்னப் பொட்டலமாகக் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். நான் இதை அத்தையிடம் சொன்னபோது, "கொத்தவரங்கா பொரியலுக்குத்தாம்னு நெனச்சிட்டிருந்தேன், அதப் போட்டா சோப்பு கரைப்பாக?" என்று கேட்டார்கள். பொட்டலத்தைக் காட்டியும் நம்பவில்லை.

நான் கலக்குகிற அளவு இது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு குவார் கம் தலை தட்டி ஒரு டீஸ்பூன், ஏறக்குறைய மூன்று கிராம். அதை நேராகத் தண்ணீரில் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரண்டு, என்ன கலக்கினாலும் கரையாது. முதலில் ஒரு கிண்ணத்தில் இரண்டு டீஸ்பூன் கிளிசரின் விட்டு (மருந்துக்கடையில் கிடைக்கும்), அதில் குவார் கம்மைக் குழைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் கை பொறுக்கிற சூட்டில் உள்ள தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கினால் கட்டி தட்டாமல் கொழகொழவென்று வரும். அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர். ஆப்பசோடா இல்லை, பேக்கிங் பவுடர், இரண்டும் வேறு. கடைசியாகப் பாத்திரம் கழுவுகிற லிக்விட் 50 மில்லியிலிருந்து 75 மில்லி வரை. சபீனா, கட்டி சோப்பு இதெல்லாம் வேண்டாம். வெளிநாட்டுச் செய்முறைகளில் டான் என்று ஒரு சோப்பையே எல்லாரும் சொல்கிறார்கள். அதைத் தேடி அலைய வேண்டியதில்லை, மளிகைக்கடையில் இருக்கிற லிக்விட்டில் கெட்டியானதாகப் பார்த்து வாங்கி, முதலில் 50 மில்லி விட்டு, நூலை முக்கித் தூக்கிப் பார்த்து, தோல் நிற்கவில்லையென்றால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

லிக்விட்டை விட்ட பிறகு அடித்துக் கலக்கக்கூடாது. இது பிள்ளைகளுக்குப் புரியவே புரியாது. சோப்புத் தண்ணீரைப் பார்த்தாலே கையைவிட்டு நுரை கிளப்பத்தான் தோன்றும். ஆனால் மேலே நுரை நின்றால் தோல் எடுக்கும்போது அதில் மாட்டிக் கிழியும். கரண்டியால் மெதுவாகச் சுற்றிவிட்டு, ராத்திரி மூடி வைத்துவிட்டால் காலையில் நுரை அடங்கி, குவார் கம்மும் நன்றாக ஊறியிருக்கும். வாளியைப் பிள்ளைகள் கண்ணில் படாத இடத்தில் வைக்க வேண்டும், நான் மெஷினுக்கு அடியில் வைப்பேன்.

தண்ணீரும் ஒரு விஷயம். எங்கள் தெருவில் ஆற்றுத் தண்ணீர்க் குழாயும் உண்டு, வீட்டில் போரும் உண்டு. போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, தலை குளித்தால் முடி சிக்கிக்கொள்ளும். அந்த உப்புத் தண்ணீரில் சோப்பு தன் வேலையைச் சரியாகச் செய்யாது. கால்சியமும் மெக்னீசியமும் குறுக்கே நிற்கும். தாமிரபரணித் தண்ணீர் கிடைக்கிறவர்களுக்குக் கவலையில்லை. நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் போரை நம்பி இருக்கிறவர்கள் மழைத் தண்ணீர் பிடித்து வைக்கலாம், இல்லையென்றால் குடிக்க வாங்குகிற கேன் தண்ணீரில் ஒரு லிட்டர் எடுத்தால் போதும்.

இனி நூல். இதில் எனக்குக் கொஞ்சம் பேச்சு உண்டு, தொழில் அப்படி.

தையல் நூல் இப்போது வருவது முக்கால்வாசி பாலியஸ்டர். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், தண்ணீரைக் குடிக்காது. நைலான் கயிறும் அப்படித்தான். பெரிய குமிழி விரியும்போது அதற்கு வேண்டிய தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நூலுக்குள் ஊறியிருப்பதுதான் வடிந்து வடிந்து தோலுக்குப் போகிறது. நூல் எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு பெரிய குமிழி. அதனால் பருத்திதான், அதிலும் முறுக்கு இறுகாதது. பூசைச் சாமான் கடையில் விளக்குத்திரிக்கு விற்கிற நூல் இருக்கிறதே, அதை நான்கு இழை சேர்த்துப் பின்னினால் அருமையாகக் குடிக்கும். ஒரே குறை, நனைந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்கிக்கொள்ளும். பொறுமையாக எடுத்துவிடத் தெரிந்த பெரியவர்களுக்கு அது.

பிள்ளைகளுக்குப் பாவாடை நாடா. பருத்தி நாடா, அகலமாக இருப்பது. புதிதாக வாங்கியதில் கஞ்சி இருக்கும், அப்படியே முக்கினால் தண்ணீர் உருண்டோடும். வெந்நீரில் ஊறவைத்து ஒருமுறை அலசிக் காயவைத்தால் கஞ்சி போய் மெத்தென்று ஆகிவிடும். சிக்காது, முடிச்சும் எளிது. எங்கள் வீட்டில் இது கணக்கில்லாமல் கிடக்கும், அதனால் பையன்கள் ஆளுக்கொன்று கேட்டாலும் கவலையில்லை.

ஒட்டடைக் கம்பு மூங்கிலில் மூன்றடியாக இரண்டு துண்டு. இரண்டின் நுனியையும் இணைத்து இரண்டரை அடியில் ஒரு நாடா. அதே நுனிகளிலிருந்து தொங்குகிற மாதிரி ஐந்தடியில் இன்னொன்று. தொங்குகிற நாடாவின் நடுவில் ஒரு வாஷரைக் கோத்துவிட்டால் கனத்துக்கு இறங்கி, கம்புகளை விரிக்கும்போது முக்கோணமாக நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இதில் பாதி அளவு போதும், பெரியதைக் கொடுத்தால் கை வலிக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் கீழே போட்டுவிடும்.

விடுகிற முறை வாயால் சொல்வதைவிடப் பார்த்தால் உடனே வரும், இருந்தாலும் சொல்கிறேன். கம்புகளைச் சேர்த்துப் பிடித்து நாடா முழுவதையும் வாளியில் முக்கி ஊறவிட வேண்டும். மெதுவாகத் தூக்கி, சொட்டுவது கொஞ்சம் குறைந்ததும் காற்று முதுகில் படும்படி நின்று கம்புகளை விரிக்க வேண்டும். ஊதக்கூடாது. காற்றே அதை முன்னால் உப்ப வைக்கும். காற்றே இல்லையென்றால் பின்னால் நடக்கலாம், மெதுவாக. வேண்டிய அளவு வந்ததும் கம்புகளை மறுபடி சேர்த்தால் வாய் மூடிக்கொண்டு குமிழி பிரிந்து போகும். இந்த மூடுகிற இடத்தில்தான் பிள்ளைகள் அவசரப்படும், அல்லது "இன்னும் பெருசு, இன்னும் பெருசு" என்று மூடாமலே விட்டுவிடும். கொழுந்தன் மகள் ஒன்பது வயதுக்காரி, அவளுக்குத்தான் கை வாகு சரியாக வந்தது. கொழுந்தன் விட்டது எல்லாம் நூலிலேயே வெடித்தது. "மயினி, எனக்கு மட்டும் வேற தண்ணி வச்சிருக்கீகளா?" என்று வாளியைச் சந்தேகமாகப் பார்த்தார்.

பிரிந்தவுடன் அது உருண்டையாக இருக்காது. நெளிந்து, வளைந்து, யானைக்குட்டி அளவுக்குப் போய்க்கொண்டே மெல்ல உருண்டையாகப் பார்க்கும். புதிதாகப் பிரிந்ததில் வெளிர் ரோஸும் வெளிர் பச்சையும் பட்டை பட்டையாக ஓடும். தோல் இன்னும் தடியாக இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் கீழே வடிந்து மேல்பகுதி மெலிய மெலியத்தான் மஞ்சள், ஊதா, நீலம் எல்லாம் பளிச்சென்று வரும். தோலின் முன்பக்கத்தில் பட்டுத் திரும்புகிற வெளிச்சமும் பின்பக்கத்தில் பட்டுத் திரும்புகிற வெளிச்சமும் சேருவதால் வருகிற நிறம் இது, சாயம் ஒன்றும் இல்லை. உச்சியில் நிறமே இல்லாமல் ஓரிடம் வெறிச்சென்று தெரிந்தால் இன்னும் ஒரு நொடி, இரண்டு நொடிதான். பெரியவன் இதைக் கண்டுபிடித்துக்கொண்டு "போச்சு, போச்சு" என்று முன்கூட்டியே கத்துவான். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. காய்ந்த விரலால் தொட்டால் உடைகிற குமிழி, அதே சோப்புத் தண்ணீரில் நனைத்த கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டாலும் உடையாது. ஈரமான கை தோலோடு சேர்ந்துகொள்கிறது. இதைக் காட்டிய பிறகு ஓடி ஓடி உடைப்பதை விட்டுவிட்டுக் கையை உள்ளே விடுவதே பிள்ளைகளுக்கு வேலையாகிவிட்டது. அத்தைகூட வந்து கையை நனைத்துக்கொண்டு விட்டுப் பார்த்தார்கள். வளையல் மேல் பட்டு உடைந்துவிட்டது. "கழட்டிட்டு வாரேன், இருங்கட்டி" என்று வீட்டுக்குப் போனவர்கள் கழற்ற மறந்துபோய் வளையலோடே மறுபடி வந்து நின்றார்கள்.

எவ்வளவு பெரிதாக விட முடியும் என்று கேட்கிற பிள்ளைக்குப் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து ஊரில் 2015-இல் கேரி பேர்ல்மன் என்பவர் விட்டது 96.27 கன மீட்டர், கின்னஸ் பதிவு. எங்கள் முன் அறை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, உயரம் பத்தடி. கணக்குப் போட்டால் நாற்பது கன மீட்டர் சொச்சம். அந்த அறை இரண்டை ஒன்றாக்கினாலும் அந்தக் குமிழிக்குக் காணாது. அட்லாண்டாவில் உள்ள எமோரி பல்கலைக்கழகத்தில் இயற்பியல்காரர்கள் இதை ஆராய்ந்து 2020-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரே நீளத்து மூலக்கூறுகளைவிட நீளமும் குட்டையும் கலந்திருந்தால் தோல் இன்னும் நன்றாக இழுபடும் என்று அதில் சொல்கிறார்கள். பழைய, கொஞ்சம் சிதைந்துபோன சரக்கு புதியதைவிட நன்றாக வேலை செய்ததைப் பார்த்துத்தான் அவர்களுக்கே அது தெரிந்ததாம். அதனால் குவார் கம் பொட்டலம் பழசாகிவிட்டது என்று நான் தூக்கிப் போடுவதில்லை. அவர்களுடைய பழைய சரக்கு வேறு, என் குவார் கம் வேறு என்றாலும் ஒரு சாக்கு கிடைத்ததே.

இடம் எங்களுக்கு நெல் அடிக்கிற களம். அறுப்பு மாசி, பங்குனியில்தான், மார்கழியில் காலியாகக் கிடக்கும். களத்துக்குச் சிமெண்ட் போட்டிருக்கிறார்கள், அதன் மேல் விடக்கூடாது. குவார் கம் கலந்த தண்ணீர் சிந்தினால் பாசி பிடித்த படித்துறையைவிட மோசமாக வழுக்கும். ஓரத்து மண் தரையில், புல் இருக்கிற பக்கம்தான் வாளி. மொட்டை மாடி வேண்டவே வேண்டாம், குமிழியைப் பார்த்துக்கொண்டு அண்ணாந்து ஓடுகிற பிள்ளைக்குக் கைப்பிடிச்சுவர் தெரியாது. கண்ணில் பட்டால் எரியும், ஒரு குடம் நல்ல தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆற்றங்கரையில் விடலாம் என்று பையன்கள் கேட்டார்கள். அங்கே ஈரமும் அதிகம், பார்க்கவும் அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வாளி கவிழாமல் இந்தக் கூட்டம் ஒருநாளும் திரும்பியதில்லை. ஏற்கெனவே துணி சோப்பும் ஷாம்பு உறையும் ஆற்றில் மிதக்கிறது, நம் பங்குக்கு வேறு ஏன்? முடியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முறைத்தான் சின்னவன்.

மிச்சமாகிற தண்ணீரை மூடி வைத்தால் மறுநாளைக்கும் ஆகும், சில சமயம் முதல் நாளைவிட நன்றாகவே வரும். அதற்கு மேல் நம் ஊர்ச் சூட்டில் குவார் கம் புளித்து நீர்த்துப்போய்விடும், வாடையும் வரும். அதனால் இரண்டு லிட்டருக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்குவதில்லை. கொட்டுவதென்றால் சாக்கடையில், செடிக்கு இல்லை.

கொழுந்தன் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு செட் கம்பும் நாடாவும் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். விளையாடி முடித்ததும் நாடாவை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடச் சொல்லியிருக்கிறேன். சோப்போடு சுருட்டி வைத்தால் விறைத்துப்போகும், அடுத்த தடவை குடிக்காது. செய்வாரா தெரியாது. அதனால் பைக்குள் இன்னும் மூன்று மீட்டர் நாடா, கஞ்சி எடுத்ததே, மடித்து வைத்துவிட்டேன்.